ஐந்தாம் படி

பொகவந்தலாவையோடு பஸ் நின்றுவிட்டது.
மிச்சத் தூரம் கொழுந்து லொறியில், ஈரச் சாக்குகளின் மேல்,
மடிக்கணினியை வயிற்றோடு அணைத்தபடி.

கொழுந்து மடுவத்துச் சுவரில் தகரப் பெட்டி.
பெட்டிக்குள் சுவிட்ச்.
சுவிட்சின் சூட்டில் பல்லி முட்டை இரண்டு.

முறைப்பாட்டுத் தாளில் ஒரே வரி:
பின்னேர நிறுவையில் தராசின் இணைப்பு அறுகிறது.
காரணம் என்ற இடத்தில் யாரோ
மழை என்று எழுதி, வெட்டி, எலி என்று எழுதியிருந்தார்கள்.
அறுந்தால் கையால் எழுதுவார்கள்.
கையால் எழுதும்போது பதினெட்டுக் கிலோ பதினாறாகும்.
ஒரு பேர் அரைப்பேராகும்.

"மழையுமில்ல, எலியுமில்ல" என்றாள் லோகேஸ்வரி,
கூடையை இறக்காமலே.
"மூணரைக்குத்தான் அதுக்கு வருத்தம் வரும்.
காலையில நல்லாத்தான் இருக்கும்."
சிரித்தேன். தாளில் அதற்கு இடமில்லை.

பெட்டியின் நினைவில் ஒன்றுமில்லை.
கரண்ட் போகும்தோறும் எல்லாம் மறந்து
தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு மார்ச் முதலாம் திகதியில்
கண் விழிக்கிறது.
முதலில் நேரத்தைத் திருத்தினேன்.
பிறகு, நீ மறந்தாலும் கொழும்பு மறக்காதிருக்கட்டும் என்று
தூரத்துச் சேவரின் முகவரியைக் கொடுத்தேன்.
சேர்ந்ததா என்று கேட்காத அஞ்சல் அது;
மலைக்கு இந்தப் பக்கம் நின்று கூவுகிற மாதிரி.

எந்தப் படிவரை கூவுவது?
பூச்சியம்: கருவி இனி உதவாது.
அதையும் அந்தக் கருவியேதான் சொல்ல வேண்டுமாம்.
ஒன்றும் இரண்டும் தூங்குகிறவனை எழுப்ப.
மூன்று பிழை, நான்கு எச்சரிக்கை.
ஐந்து, நடப்பதுதான், ஆனாலும் குறித்து வை.
ஆறு செய்தி.
ஏழில் மூச்சு விட்டாலும் ஒரு வரி.
ஏழைக் கேட்க எவருடைய வட்டிலும் இடமில்லை.
கம்பனி விதி நான்கு.
நான்கு என்றே வைத்தேன்.

ஒரு கிழமை கழித்து, ஹட்டனில், தேத்தண்ணி ஆற ஆற
கொழும்பில் சேர்ந்ததைப் படித்தேன்.
நாலு பத்து. ஏழாம் வாசல் எழுந்தது.
மறுநாள் நாலு எட்டு. எழுந்தது.
நாலு பன்னிரண்டு. எழுந்தது.
விழுந்ததாக ஒரு வரி இல்லை.

விழாமல் எழுகிற ஒன்றை நான் கண்டதில்லை.

தானாக அறுந்திருந்தால் அது பிழை, மூன்றாம் படி, கத்தியிருக்கும்.
ஒரு கை வந்து மூடினால் ஐந்து.
மூடு என்றார்கள், மூடினேன்,
இதில் என்ன பிழை என்று பெட்டி சும்மா இருக்கும்.

ஹட்டனில் இருந்தபடியே ஐந்தாக்கினேன்.
மறுநாள், மூன்று இருபத்தாறு:
ஏழாம் வாசல் மூடப்பட்டது.
மூடியது ஆபீஸ் கணினியில் இருந்து.
பேர்: அட்மின்.

அந்தக் கதிரையில் நாலு பேர் மாறி மாறி உட்காருவார்கள்.
நாலு பேருக்கும் அட்மின்தான்.
எல்லாருக்கும் ஒரே பேர் போதுமென்று போன வருஷம்
கடவுச்சொல்லைச் சிகரெட் பெட்டி அட்டையில்
எழுதிக் கொடுத்துவிட்டுப் போனவள் நான்.
அரைப்பேர் போட்டவன் எவன் என்று யாரும் கேட்டால்
அந்த அட்டையைத்தான் நீட்ட வேண்டும்.

திரும்பவும் லொறி, திரும்பவும் சாக்கு.
கைக்கொரு பேர் போட்டேன். பெர்னபாஸ், திலகசிறி,
ஸ்டோர்க்காரர், சின்னத்துரை.
அட்மினை அழித்தேன்.
முட்டையில் ஒன்று வெறும் ஓடாகக் கிடந்தது.
ஐந்துக்கு முந்திய நாட்கள் எங்கும் பதியப்படவில்லை,
அந்த அரைப்பேர்கள் அரைப்பேர்களாகவே இருக்கும்.
லோகேஸ்வரியிடம் இதை எப்படிச் சொல்வதென்று தெரியாமல்
வயர்களைச் சரிசெய்வது போல நின்றேன்.
வரிசையில் இருந்து பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை.

கொழும்பில் சேர்ந்த கடைசி வரி:
மூன்று பத்தொன்பது. படி ஐந்து.
அமைப்பு மாற்றப்பட்டது.
மாற்றியவர் வினோதரஞ்சனி.

மூன்று இருபத்தாறுக்கு
இன்னும் ஏழு நிமிஷம்.